என் கட்டைக்கு ஒரு டிராக்

சுசீலாம்மா முப்பது வயதுக்குள் தொட்ட உச்சத்தை, ஐம்பத்தைந்து வயதில் ரத்தக்கொதிப்புக்கு மாத்திரை போடுகிற நான் தொட முடியாது. இதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை. கரோக்கி டிராக் செய்து இணையத்தில் போடுகிறவர்களுக்குத்தான் இது புரியவில்லை. எதைத் தேடி எடுத்தாலும் ஒரிஜினல் ஸ்கேல். ‘கற்பகம்’ (1963) படத்தில் எல்லாப் பாட்டும் சுசீலாம்மா பாடியவை. என்னை மாதிரி பெண்கள் எத்தனை பேர் அவற்றைப் பாட ஆசைப்படுவார்கள்! இரண்டு கட்டை இறக்கிய டிராக் ஒன்று உருப்படியாகக் கிடைக்கிறதா, தேடிப் பாருங்கள். அந்தக் கோபத்தில்தான் வீட்டிலேயே டிராக் செய்யக் கற்றுக்கொண்டேன். அதில் ஒரு கல்யாண மேடையில் மானம் போனது. அதற்கப்புறமும் விடவில்லை. நான் பட்டதில் உங்களுக்கு உதவுகிறதை மட்டும் சொல்கிறேன்.

உங்களிடம் ஒரு பழைய லேப்டாப்பும், பிள்ளைகள் கழித்துப்போட்ட ஒரு ஹெட்போனும், ராத்திரி பாத்திரம் கழுவி முடித்த பிறகு ஒரு மேசையும் இருக்கும். அது போதும். ஆடாசிட்டி என்கிற மென்பொருள் 2000-ஆம் ஆண்டிலிருந்து இலவசமாகவே கிடைக்கிறது. இறக்குவது, நிறுவுவது, பாட்டைத் திறப்பது, வெட்டுவது, ஒட்டுவது எல்லாம் நாலு நாள் நோண்டினால் கைக்கு வந்துவிடும். அதையெல்லாம் நான் விளக்கப் போவதில்லை. பாட்டு மட்டும் நல்ல பிரதியாக இருக்கட்டும். யாரோ வாட்ஸாப்பில் அனுப்பியதை எடுத்துக்கொண்டு உட்காராதீர்கள். சிடியிலிருந்து எடுத்த ‘வேவ்’ கோப்பு கிடைத்தால் பாதி வேலை முடிந்தது.

முதல் சறுக்கல் கட்டை கண்டுபிடிப்பதில். பல்லவியை முணுமுணுத்துப் பார்த்துவிட்டு, “எனக்கு இது சரியா இருக்கு” என்று சொல்லிவிடுவார்கள். பல்லவி யாருக்கும் வரும். சரணத்தில் மேல் ஸ்தாயிக்குப் போகிற இடம் எங்கே என்று பார்த்து, அதை எழுந்து நின்று, முழுக் குரலில், சாப்பிட்ட பிறகு பாட வேண்டும். கல்யாண வீட்டில் வெறும் வயிற்றோடு யாரும் உங்களை மேடை ஏற விடமாட்டார்கள். அங்கே தொண்டை இறுகினால் இறக்குங்கள். எவ்வளவு என்பதில்தான் கணக்கு இடிக்கும். மென்பொருள் செமிடோனில் கேட்கும், நமக்கு வாயில் கட்டைதான் வரும். 1 கட்டை ஸி, 2 டி, 3 இ, 4 எஃப், 5 ஜி, 6 ஏ. ஒன்றுக்கும் இரண்டுக்கும் நடுவே ஒன்றரை உண்டு. மூன்றுக்கும் நாலுக்கும் நடுவே ஒன்றும் கிடையாது, ஹார்மோனியத்தில் அந்த இடத்தில் கறுப்பு இல்லை. ஆகவே 5-லிருந்து 4-க்கு வந்தால் இரண்டு செமிடோன், 4-லிருந்து 3-க்கு வந்தால் ஒன்றே ஒன்று. நான் படித்த பாட்டு வகுப்பில் இதை யாரும் சொல்லித் தரவில்லை. “ஒரு கட்டை இறக்கிக்கோ” என்பதோடு சரி.

பழைய பாட்டுகளில் இன்னொரு வில்லங்கம். டேப்பிலிருந்து இசைத்தட்டுக்கும் கேசட்டுக்கும் சிடிக்கும் மாறி மாறி வந்ததில் ஓட்டத்தின் வேகம் முன்னே பின்னே ஆகியிருக்கும். அதனால் பாட்டு 4 கட்டையிலும் நிற்காது, நாலரையிலும் நிற்காது. டிராக்கோடு மட்டும் பாடினால் தெரியாது. மேடையில் ஒரு கீபோர்டுக்காரர் உற்சாகமாகக் கூடச் சேர்ந்து வாசிக்க வந்தால் அப்போது தெரியும். ஒரு செமிடோனை நூறாகப் பிரித்தால் ஒரு பங்குக்கு ஒரு சென்ட் என்று பெயர். தம்புரா ஆப் ஒன்றை ஓடவிட்டு, பாட்டின் ஸட்ஜம் எத்தனை சென்ட் தள்ளி நிற்கிறது என்று பார்த்து, அதையும் சேர்த்தே இறக்குங்கள். ஆடாசிட்டியின் ‘சேஞ்ச் பிட்ச்’ பின்னங்களையும் ஏற்றுக்கொள்ளும். அதில் ‘ஹை குவாலிட்டி’ கட்டத்தை டிக் செய்ய மறக்க வேண்டாம். மூன்று செமிடோனுக்கு மேல் போனால் எந்த மென்பொருளிலும் வயலின் அழ ஆரம்பிக்கும்.

இனி கும்பகோணம்.

2018. அண்ணன் மகளின் கல்யாண ரிசப்ஷன். “அத்தை பாடணும்” என்று அவளே கேட்டாள். எண்பதுகளில் சித்ரா பாடிய பாட்டு ஒன்று, அவளுக்குச் சின்ன வயதில் நான் பாடித் தூங்க வைத்தது. எனக்கு அதை இரண்டு செமிடோன் இறக்க வேண்டியிருந்தது. குரலை நீக்க அப்போது எங்களைப் போன்றவர்களுக்குத் தெரிந்தது ஒரே வழிதான். ஸ்டீரியோப் பாட்டில் முக்கியக் குரல் நடுவில் நிற்கும், அதாவது இடது சேனலிலும் வலது சேனலிலும் ஒரே அளவில் இருக்கும். ஒரு சேனலை ‘இன்வர்ட்’ போட்டுத் தலைகீழாக்கி, மற்றதோடு கூட்டினால் இரண்டுக்கும் பொதுவானது அடிபட்டுப் போகும். ஓரங்களில் இருக்கிற வயலின் கூட்டம், கிடார், கோரஸ் எல்லாம் மிஞ்சும். நடுவில் குரல் மட்டும் இருக்காது, பேஸ் கிடாரும் இருக்கும், அதுவும் கூடவே போய்விடும். அதற்கும் வழி வைத்திருந்தேன். ஒரிஜினலில் 150 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருப்பதை மட்டும் ‘லோ-பாஸ் ஃபில்டர்’ போட்டுத் தனியே எடுத்து, நடுவில் சேர்த்தேன். பெண் குரல் அவ்வளவு கீழே இறங்காது, ஆகவே பேஸ் திரும்பி வரும், சித்ரா திரும்பி வரமாட்டார். இன்றைக்கும் இந்த யுக்தி நல்ல யுக்திதான். ஆண் பாடிய பாட்டென்றால் 100-ஐத் தாண்டக் கூடாது.

இப்படிச் செய்ததில் கிடைப்பது மோனோ. ஹெட்போனில் கேட்டால் இசை முழுக்க நெற்றிக்கு நடுவில் குவிந்து கிடக்கும். அதை விரிக்க ஒரு வீடியோவில் வழி சொன்னார்கள். டிராக்கை இன்னொரு பிரதி எடுத்து, அதைத் தலைகீழாக்கி வலது பக்கம் போடு, ஒரிஜினலை இடது பக்கம் விடு, ஹால் நிறைந்த மாதிரி கேட்கும் என்று. செய்தேன். கேட்டது. உண்மையிலேயே பிரமாதமாக விரிந்தது. போதாததற்கு, ஓப்பனிங் மியூசிக்கிலும் இரண்டு பிஜிஎம்மிலும் குரலே இல்லையே, அங்கே எதற்கு வெட்ட வேண்டும் என்று ஒரிஜினல் ஸ்டீரியோவை அப்படியே விட்டேன். பல்லவி, சரணம் மட்டும் என் கைவண்ணம். ஒட்டிய இடம் எதுவும் காதுக்குத் தெரியவில்லை. எல்லாவற்றையும் ஹெட்போனில்தான் கேட்டேன். வீட்டில் பிளஸ் டூ படிக்கிற பெண் இருக்கும்போது ராத்திரி பதினோரு மணிக்கு ஸ்பீக்கரில் போட்டுக் கேட்கிற தாய் இருந்தால் என்னிடம் சொல்லுங்கள்.

ரிசப்ஷனில் ஓப்பனிங் மியூசிக் அட்டகாசமாக வந்தது. சாப்பாட்டுக் கூடத்திலிருந்துகூட ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். நான் பல்லவியின் முதல் வார்த்தையைத் தொட்டேன், இசை நின்றுவிட்டது. வயலின் இல்லை, கிடார் இல்லை. பெட்டிகளிலிருந்து பேஸ் மட்டும் டும், டும் என்று வந்துகொண்டிருந்தது. முன்வரிசையில் இருந்த பெரியம்மா பக்கத்திலிருந்தவரிடம், “என்னடி இது, சாவு மேளம் மாதிரி கேக்குது?” என்று கேட்டது மேடைவரை கேட்டது. மாப்பிள்ளை வீட்டார் முகத்தைப் பார்க்கவில்லை. பாடினேன். பல்லவி முடிந்ததும் பிஜிஎம் அத்தனை வாத்தியங்களோடும் இடி மாதிரி இறங்கியது, நாலு குழந்தைகள் வீறிட்டன. சரணம் வந்ததும் மறுபடி டும், டும். ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பிஜிஎம் திரும்பி வந்த இரண்டு தடவையும் என் சுருதி இம்மி விலகியிருக்கவில்லை. வீடியோ இருக்கிறது, யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்.

நடந்தது இதுதான். மண்டபத்து மைக் செட்டில் இடதும் வலதும் தனித்தனியாக இல்லை. லேப்டாப்பிலிருந்து வந்த இரண்டு சேனலையும் ஒரே வயரில் சேர்த்து மிக்சரின் ஒற்றைச் சேனலில் செருகியிருந்தார் மைக் செட் தம்பி. நான் வலப்பக்கம் வைத்தது இடப்பக்கத்தின் தலைகீழ். இரண்டையும் கூட்டினால் பூஜ்யம். குரலை எந்தக் கணக்கை வைத்து நீக்கினேனோ அதே கணக்கு என் இசையையும் துடைத்துப் போட்டுவிட்டது. நடுவில் தனியாகச் சேர்த்த பேஸ் மட்டும் தப்பியது. ஹெட்போனில் இடது காதும் வலது காதும் தனித்தனியாகக் கேட்பதால் கூட்டல் நடக்கவே இல்லை, அதனால் வீட்டில் தெரியவில்லை.

“டிராக்குலயே சவுண்டு இல்லக்கா” என்றார் மைக் செட் தம்பி. “நான்தான் அப்பவே சொன்னேனே அண்ணி, ஆப்புல ரெடியா இருக்கும்போது இதெல்லாம் எதுக்குன்னு” என்றார் கொழுந்தனார், பந்தியில் எல்லார் முன்னாலும். தப்பு யாருடையது என்பதில் எங்கள் குடும்பத்தில் இன்றும் இரண்டு கட்சி இருக்கிறது. விரிக்கச் சொன்ன வீடியோக்காரர், மண்டபங்களில் மோனோதான் ஓடும் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஸ்டீரியோவா மோனோவா என்று மைக் செட் தம்பியும் கேட்டிருக்கலாம். மத்தியானம் மூன்று மணிக்கே போய் “ஒரு தடவை ஓடவிட்டுப் பார்க்கலாமா தம்பி” என்று கேட்டவள் நான். ஜெனரேட்டர் வரவில்லை என்று திருப்பி அனுப்பினார்கள்.

ஆகவே இதை மட்டும் செய்யுங்கள். மேடைக்குக் கொடுக்கிற கோப்பை மோனோவாகவே கொடுங்கள். ஆடாசிட்டியில் ‘மிக்ஸ் ஸ்டீரியோ டவுன் டு மோனோ’ என்று இருக்கும். அழுத்தியதும் ஏதாவது காணாமல் போனால் அது மண்டபத்திலும் காணாமல் போகும், வீட்டிலேயே தெரிந்துகொள்ளலாம். மென்பொருளைத் திறக்க நேரமில்லையென்றால் கைப்பேசியின் அமைப்புகளில், காது கேளாதவர்களுக்காக வைத்திருக்கிற பகுதியில், ‘மோனோ ஆடியோ’ என்று ஒன்று இருக்கும். ஆண்ட்ராய்டிலும் உண்டு, ஐபோனிலும் உண்டு. அதைப் போட்டுக் கேளுங்கள். அதுவும் முடியாதென்றால் அடியில் ஒரே ஸ்பீக்கர் இருக்கிற மலிவான போனில் போடுங்கள். அந்தப் போன் செய்வதைத்தான் மண்டபத்து மிக்சரும் செய்யப் போகிறது. விரிவு, ஆழம், சுற்றொலி எல்லாம் வீட்டில் நீங்கள் மட்டும் கேட்டு மகிழ்வதற்கு. பந்தி நடக்கிற கூடத்தில் அவை யார் காதுக்கும் போகாது.

எனக்கு இதில் பெரிய வயிற்றெரிச்சல் வேறு. அடுத்த வருஷமே, 2019 நவம்பரில், பிரான்சின் டீசர் நிறுவனம் ‘ஸ்ப்ளீட்டர்’ என்ற மென்பொருளை இலவசமாக வெளியிட்டது. நடுவில் இருப்பது, ஓரத்தில் இருப்பது என்ற கணக்கே அதற்குத் தேவையில்லை. குரல் எப்படி ஒலிக்கும் என்று ஆயிரக்கணக்கில் கேட்டுப் பழகிய நிரல் அது, குரலைத் தனியே உருவி எடுத்துவிடும். ஃபேஸ்புக் ஆராய்ச்சியாளர்களின் ‘டெமக்ஸ்’ அதைவிடச் சுத்தமாகப் பிரிக்கிறது. இவற்றை நம்மைப் போன்றவர்கள் கட்டளை எதுவும் தட்டாமல் பயன்படுத்த ‘அல்டிமேட் வோக்கல் ரிமூவர்’ என்று ஓர் இலவச மென்பொருள் இருக்கிறது. நான் இப்போது அதைத்தான் வைத்திருக்கிறேன். கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத லேப்டாப்பில் ஒரு பாட்டைக் கொடுத்துவிட்டு ரசம் வைத்து இறக்கலாம். பழைய மோனோப் பாட்டுகளுக்கு இது விடுதலை. ‘கற்பகம்’ பாட்டில் இன்வர்ட் போட்டுக் கூட்டினால் குரலோடு மொத்தப் பாட்டும் போகும், ஏனென்றால் இரண்டு பக்கமும் ஒன்றேதான். இவை மோனோவிலும் குரலைப் பிரித்துவிடுகின்றன.

ஆனால் நம் பாட்டு என்று வரும்போது இவற்றுக்கும் தடுமாற்றம் உண்டு. ஆராய்ச்சியாளர்கள் பெரும்பாலும் பயன்படுத்துகிற ‘மியூஸ்டிபி18’ தொகுப்பில் இருப்பது 150 பாட்டு, பெரும்பாலும் மேற்கத்திய பாப்பும் ராக்கும். டிரம்ஸ், பேஸ், குரல், மற்றவை என்று நாலே பெட்டி. புல்லாங்குழல் ஒரு கமகத்தோடு வளைந்தால் அதைக் குரல் என்று நினைத்துப் பிடுங்கிப் போட்டுவிடும். நாகஸ்வரம் வந்தால் கேட்கவே வேண்டாம். சோலோ வயலின் பாதி இங்கே, பாதி அங்கே. மாடலை மாற்றி மாற்றிப் போட்டு ராத்திரியைக் கழிக்காதீர்கள். கும்பகோணத்தில் நான் செய்ததில் சரியாக இருந்த பாதியைச் செய்யுங்கள். குரல் இல்லாத பிஜிஎம்மில் ஒரிஜினலையே வையுங்கள், பாடுகிற இடங்களுக்கு மட்டும் பிரித்ததை வையுங்கள். இரண்டும் சேருகிற இடத்தில் ஒன்று தேய்ந்து மற்றது ஏறுகிற மாதிரி ஒரு சின்னக் கிராஸ்ஃபேட், தாளத்தின் அடி விழுகிற இடத்தில். அடியில் மறைந்துவிடும்.

கோரஸும் குரல்தான் என்பதால் அதுவும் போகும். கோரஸோ ஹம்மிங்கோ இல்லாமல் எண்பதுகளின் பாட்டு மொட்டையாக நிற்கும். அதே மென்பொருளில் ‘கரோக்கி’ என்று பெயர் போட்ட மாடல்கள் சில உண்டு. அவை முக்கியக் குரலை மட்டும் எடுத்துவிட்டு, பின்னணிக் குரல்களை விட்டுவைக்க முயலும். டூயட்டில் ஆண் குரலை மட்டும் வைத்துக்கொண்டு பெண் குரலை நீக்கு என்று கேட்டால் அவை விழிக்கும். அங்கே குரல் கோப்பைத் தனியே திறந்து, சித்ரா பாடுகிற வரிகளைக் கையால் வெட்டி எறிந்துவிட்டு, ஆண் பாடுகிற வரிகளைத் திரும்ப டிராக்கில் சேர்க்க வேண்டும். இருவரும் சேர்ந்து பாடுகிற கடைசிப் பல்லவியை விதியிடம் விட்டுவிடுங்கள்.

குரலை நீக்கிய இடத்தில் ‘ஸ’, ‘ச’ ஒலிகளின் உரசல் மிச்சமிருக்கும், எக்கோவின் வால் மிச்சமிருக்கும். மேடைக்கென்றால் அதைத் துரத்த வேண்டாம், மேலே உங்கள் குரல் வரப் போகிறது.

பிரித்த பிறகுதான் கட்டையை இறக்க வேண்டும். இறக்கிவிட்டுப் பிரித்தால் இரண்டு வேலையின் அழுக்கும் சேரும். இணையத்தில் எல்லாரும் ஒரு அறிவுரை சொல்வார்கள், டிரம்ஸ் கோப்பை மட்டும் இறக்காமல் விடுங்கள், அடி கனமாக இருக்கும் என்று. டிரம்ஸ், ரிதம் பேட் வாசித்த பாட்டுக்கு அது சரி. தபேலா வாசித்த பாட்டில் அதைச் செய்தால் தொலைந்தோம். தபேலாவின் வலப்பக்கம் பாட்டின் சுருதிக்கு மீட்டி வைத்தது. பாட்டு இரண்டு செமிடோன் இறங்கி, தபேலா மட்டும் பழைய சுருதியில் நின்றால் ஒவ்வொரு ‘நா’வும் தனியாகக் குத்தும். தபேலாவையும் கூடவே இறக்குங்கள். கொஞ்சம் மந்தமாகக் கேட்கும், பரவாயில்லை. வேகத்தையும் நூற்றுக்கு இரண்டு மூன்று குறைத்துக்கொள்ளலாம். மூச்சு வாங்க இடம் கிடைக்கும், கேட்கிறவர்களுக்குத் தெரியாது.

திரையில் வரிகள் ஓட வேண்டுமென்றால் ‘ஏஜிசப்’ இருக்கிறது, அதுவும் இலவசம். அதில் எழுத்துக்கு எழுத்து நிறம் மாறுகிற மாதிரி பிரிக்கப் போய் ‘கொ’வுக்கு நடுவில் வெட்டிவிட்டால் கொம்பும் காலும் ஒரு புள்ளி வட்டத்தைக் கட்டிக்கொண்டு தனியே நிற்கும். முழு எழுத்தாகவே பிரியுங்கள், அல்லது சொல்லுக்குச் சொல் போதும். யூனிகோட் எழுத்துரு தவிர வேறு எதுவும் வேண்டாம். பாமினியில் அடித்த வரிகள் வேறொருவர் கணினியில் என்னவாகத் தெரியும் என்று உங்களுக்கே தெரியும்.

சட்டத்தைப் பற்றிப் பயமுறுத்துகிறவர்கள் உண்டு. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, மதச் சடங்குகளில் பாட்டு பாடுவதற்கும் இசைப்பதிவை ஒலிக்கவிடுவதற்கும் விலக்கு தருகிறது. கல்யாண ஊர்வலமும், கல்யாணத்தை ஒட்டிய கொண்டாட்டங்களும் அதில் அடக்கம் என்று அங்கேயே விளக்கமும் இருக்கிறது. ஆகவே ரிசப்ஷனில் தைரியமாகப் பாடலாம். யூடியூபில் ஏற்றுவது வேறு சங்கதி. அங்கே ‘கன்டென்ட் ஐடி’ என்று ஒரு கண்காணிப்பு, இசை நிறுவனங்கள் கொடுத்து வைத்த பதிவோடு ஒப்பிட்டுப் பார்க்கும், எந்த நிமிடத்திலிருந்து எந்த நிமிடம்வரை பொருந்துகிறது என்பதையும் காட்டும். கும்பகோணத்து வீடியோவைக் கொழுந்தனார் என்னைக் கேட்காமல் ஏற்றினார். உரிமைக் கோரிக்கை அவர் கணக்குக்கு வந்தது. ஓப்பனிங் மியூசிக், முதல் பிஜிஎம், இரண்டாவது பிஜிஎம் என்று மூன்று துண்டுகளைக் குறித்திருந்தார்கள். நான் தனியாகப் பாடிய பல்லவிக்கும் சரணங்களுக்கும் யாரும் உரிமை கேட்கவில்லை.